பைபிள் படத்துல காசு எங்க போகுது: கடலுக்கா, ஊருக்கா?

பைபிள் கதைய பெரிய பட்ஜெட்ல எடுக்கறப்ப அவ்ளோ காசு எங்கதான் போகுது, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல செங்கடலை எப்படிப் பிளந்தாங்க, இப்ப கிராஃபிக்ஸ் வந்தப்புறமும் செலவு ஏன் குறையல, இதுதான் கேள்வி. சுருக்கமா சொன்னா பாதி விஷயம் விட்டுப்போயிடும், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

பொதுவா நாம நெனைக்கறது, அதிசயக் காட்சிக்குத்தான் பணத்தைக் கொட்டறாங்கன்னு. கடல் பிளக்குது, ஆத்துத் தண்ணி ரத்தமாகுது, ஊரே வெள்ளத்துல முங்குது, அதுக்குத்தான் செலவுன்னு. அதுக்கும் செலவுதான், மறுக்கல. ஆனா இந்த வகைப் படங்களோட மேக்கிங் பத்தி ரொம்ப காலமா தேடித் தேடிப் படிச்சுட்டு வர்றவன்ங்கற முறைல எனக்குத் தோணறது என்னன்னா, பெரிய உழைப்பு போறது அந்த அதிசயம் நடக்கறதுக்கு முன்னாடி இருக்கற சாதாரண ஊரைக் கட்டறதுக்குத்தான். அடிமைங்க மண்ணு மிதிக்கற செங்கல் களம், அரண்மனை வாசக்கதவு, கிழவி தலைல போட்டிருக்கற துணி, கழுதை மேல ஏத்தின மூட்டை, இதையெல்லாம் நாம நம்பிட்டோம்னாதான் கடைசில கடல் பிளக்கறப்பவும் நம்புவோம். ஊரை நம்பலன்னா கடல் வெறும் ட்ரிக் ஷாட். ஓடின படத்தையும் ஓடாத படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான் இருக்கு.

மொத சிக்கல் மூலக்கதைலயே ஆரம்பிச்சுடுது. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா எழுதியிருக்கறது ரொம்பக் கொஞ்சம். எகிப்துல அடிமையா இருந்த இஸ்ரவேல் ஜனங்களை மீட்டு செங்கடலைத் தாண்டிக் கூட்டிட்டுப் போன மோசே கதைய எடுத்துக்கங்க, பைபிள்ல யாத்திராகமம்ங்கற புத்தகத்தோட 2-ம் அதிகாரம் 10-ம் வசனத்துல பார்வோனோட, அதாவது எகிப்து ராஜாவோட, மகள் குழந்தை மோசேய தன் பிள்ளையா ஏத்துக்கிட்டு பேர் வெக்கறா. அடுத்த வசனம், 11, மோசே வளந்து பெரிய ஆள், தன் ஜனங்க படற பாட்டைப் பாக்கப் போறார். நடுவுல அரண்மனைல எப்படி வளந்தார், யாரோட பழகினார், யாரைப் புடிச்சிருந்தது, யாரோட சண்டை, ஒண்ணும் கெடையாது. அந்தப் பார்வோன் பேர் என்னன்னுகூட அந்தப் புத்தகம் சொல்லல. பெரிய வெள்ளத்துலேர்ந்து குடும்பத்தையும் மிருகங்களையும் பேழைங்கற மெதக்கற மரப்பெட்டில ஏத்திக் காப்பாத்தின நோவா விஷயத்துல இன்னும் கஷ்டம். பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துல 6-ம் அதிகாரத்துல அவர் கதை சூடு புடிக்குது, பேழை கட்டறார், வெள்ளம் வருது, வடியுது, புறா பறக்குது, பலி செலுத்தறார், எல்லாம் முடிஞ்சு 9-ம் அதிகாரம் 25-ம் வசனத்துலதான் அவர் வாய் தொறந்து பேசின வார்த்தையே மொதல்முறையா பதிவாகுது, அதுவும் ஒரு சாபம். அவ்ளோ நேரம் ஒரு வார்த்தை பேசாத ஹீரோவை வெச்சு ரெண்டு மணி நேரப் படத்துக்கு வசனம் எழுதணும்னா எழுதறவனுக்கு எவ்ளோ பயம் இருக்கும்.

இந்த இடைவெளிய நிரப்பறதுதான் வேலை. 1956-ல வந்த 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்கு இயக்குநர் செசில் பி. டெமில் இதுக்காகவே ஹென்றி நோர்ட்லிங்கர்ங்கற ஆராய்ச்சியாளரை வெச்சிருந்தார், அவர் சேத்த குறிப்புங்க 'மோசஸ் அண்ட் ஈஜிப்ட்'னு தனிப் புத்தகமாவே அதே வருஷம் வெளிவந்துச்சு. படத்துல மோசே எத்தியோப்பியாவை ஜெயிச்சுட்டு ஊர்வலமா வர்றாரே, அது பைபிள்ல இல்ல, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் சொன்ன கதைலேர்ந்து எடுத்தது. பார்வோன் யாருன்னா ரெண்டாம் ராம்சேஸ், அவனோட அப்பா முதலாம் சேத்தின்னு படம் முடிவு பண்ணிக்கிச்சு. அதுக்கு ஒரு பிடிமானமும் இருக்கு, யாத்திராகமம் முதல் அதிகாரத்துல அடிமைங்க கட்டின ஊர்ப் பேரா ராமசேஸ்னு ஒண்ணு வருது. கேக்க சின்ன முடிவு மாதிரி இருக்கும். ஆனா பேர் முடிவானதும் காலம் முடிவாயிடுது, காலம் முடிவானதும் கிரீடம், சவுரி முடி, ரதத்தோட சக்கரம், சுவர் ஓவியம், பொம்பளைங்க கண்ணுல தீட்டற மை வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு பதில் சொல்லியாகணும். ஆர்ட் டைரக்டரும் காஸ்ட்யூம் ஆளுங்களும் மாசக்கணக்கா உக்காந்து வரையறது இதனாலதான். ஆர்னால்ட் ஃப்ரீபர்க்ங்கற ஓவியர் இந்தப் படத்துக்காக வரஞ்ச பெயிண்டிங்குகளைத் தேடிப் பாருங்க, காஸ்ட்யூமும் காட்சியும் அதுல முன்னாடியே நிக்குது.

டெமிலுக்கு இது மொதல் தடவையும் இல்ல. இதே பேர்ல 1923-லயே ஒரு மௌனப் படம் எடுத்திருந்தார், பதினாலு லட்சம் டாலருக்கு மேல ஆச்சு, அந்தக் காலத்துக்கு அது பயங்கரமான தொகை, ஸ்டுடியோ முதலாளி அடால்ஃப் ஜூகர் செலவைப் பாத்து ஆடிப்போயிட்டார். கலிஃபோர்னியால க்வாடலூப்ங்கற ஊர் பக்கத்துல கடலோர மணல்மேட்டுல பார்வோனோட நகரத்தையே கட்டினாங்க. 700 அடிக்கு மேல அகலம், நூறு அடிக்கு மேல உயரம், வாசல்ல 35 அடி உயர பார்வோன் சிலைங்க நாலு, பாதையோரமா சிங்க உடம்பும் மனுஷத் தலையுமா இருக்கற ஸ்ஃபிங்க்ஸ் சிலைங்க 21. ஷூட்டிங் முடிஞ்சதும் அதையெல்லாம் மணலுக்குள்ளயே பொதைச்சுட்டுப் போயிட்டாங்க. 1983-ல ஒரு டாக்குமெண்டரி இயக்குநர் அதைத் தேடிப் போய், அப்புறம் வருஷக்கணக்கா தோண்டல் நடந்து, பிளாஸ்டர்ல செஞ்ச ஸ்ஃபிங்க்ஸ் தலையெல்லாம் வெளிய வந்துச்சு, இன்னிக்கும் அந்த ஊர்ல ஒரு சின்ன காட்சியகத்துல வெச்சிருக்காங்க. ஒரு சினிமா செட்டை தொல்லியல் ஆளுங்க பிரஷ் வெச்சு சுத்தம் பண்ணி எடுக்கறாங்கன்னா அந்த செட்டை எவ்ளோ சீரியஸா கட்டியிருப்பாங்கன்னு பாருங்க.

அந்த 1923 படத்துல கடல் எப்படிப் பிளந்துச்சுன்னா ஜெலட்டின். ராய் பாம்ராய்னு ஒருத்தர், ஜெல்லிய பெரிய கட்டியா செஞ்சு நடுவுல பிளந்து வெச்சு, சூடு காட்டி உருக விட்டு அதைப் படம் புடிச்சார், அப்புறம் அந்த ஃபிலிமைத் தலைகீழா ஓட்டினா மூடற கடல் தொறக்கற கடலாயிடும். ஜனங்க நடந்து போறதை வேற ஷாட்டா எடுத்து அதுமேல ஒட்டினாங்க. நூறு வருஷம் கழிச்சுப் பாத்தாலும் அந்த ஜெல்லிச் சுவர் மினுமினுன்னு நடுங்கறது நல்லாத்தான் இருக்கு.

1956 படத்துக்கு வருவோம், ஏன்னா கத்துக்க அதிகம் இருக்கறது இதுலதான். செலவு 1.3 கோடி டாலர், அது வரைக்கும் எடுத்த படங்கள்லயே அதிகம். 1954 அக்டோபர்ல யூனிட் எகிப்துக்குப் போச்சு. சினாய் மலைல ஷூட்டிங், செங்கடல் ஓரத்துல ஷூட்டிங், கெய்ரோ பக்கத்துல பெனி யூசஃப்ங்கற எடத்துல நகர வாசல் செட். அந்த செட்லேர்ந்துதான் அடிமை ஜனங்க மொத்தமா ஊரைவிட்டுக் கெளம்பற காட்சிய எடுத்தாங்க, ஆயிரக்கணக்கான ஆளுங்க, அதோட ஆடு மாடு ஒட்டகம் கழுதை. துரத்தி வர்ற ரதங்களை ஓட்டினது எகிப்து ராணுவத்தோட குதிரைப்படை வீரருங்க. டெமிலுக்கு அப்ப 73 வயசு. நூறு அடிக்கு மேல இருக்கற அந்த வாசல் செட் உச்சிக்கு, கேமராவ சரிபாக்க ஏணில ஏறினவருக்கு அங்கயே மாரடைப்பு. டாக்டருங்க வேணாம்னு சொல்லியும் சில நாள்லயே திரும்ப ஸ்பாட்டுக்கு வந்து நின்னார். அந்த மனுஷனோட பிடிவாதத்தை நெனச்சா எனக்கு இன்னிக்கும் மலைப்பாத்தான் இருக்கு.

கூட்டக் காட்சின்னா ஆளைக் கூட்டிட்டு வந்து நிறுத்தினாப் போதும்னு நெனைச்சுக்காதீங்க. விடியறதுக்கு முன்னாடியே அத்தனை பேருக்கும் துணி குடுக்கணும், தாடி ஒட்டணும், கைக்கடிகாரத்தையும் செருப்பையும் கழட்டச் சொல்லி வாங்கி வெக்கணும், சாயங்காலம் துணியத் திரும்ப வாங்கணும், நடுவுல தண்ணி சாப்பாடு நெழல் கழிப்பிடம் எல்லாம் வேணும், பாலைவனத்துல எதுவுமே அங்க இருக்காது, எல்லாத்தையும் கொண்டுபோகணும். வழக்கமா கேமராவுக்குப் பக்கத்துல இருக்கற வரிசைக்கு முழு மேக்கப் முழு காஸ்ட்யூம், பின்னாடி போகப் போக கொறஞ்சுக்கிட்டே வரும். கூட்டத்தைப் பகுதி பகுதியா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு உதவி இயக்குநர், அவங்களும் அதே காலத்துத் துணியப் போட்டுக்கிட்டு கூட்டத்துக்குள்ளயே நிப்பாங்க, அப்பதான் கேமரால தெரிஞ்சாலும் உறுத்தாது. அதுக்குமேல மிருகங்க. மனுஷனுக்கு இன்னொரு டேக்னு சொல்லிப் புரியவெக்கலாம், மாட்டுக்கு முடியாது. ஒரு டேக் தப்பாச்சுன்னா அத்தனையையும் திரும்ப பழைய எடத்துக்கு ஓட்டிட்டு வரணும், அதுக்குள்ள வெயில் நகந்து நெழல் மாறிடும், மாறிட்டா முன்னாடி எடுத்த ஷாட்டோட சேராது. ஒரு நாளைக்கு உருப்படியா கெடைக்கற நேரம் ரொம்பக் கொஞ்சம், சம்பளம் மட்டும் முழு நாளுக்கு. பணம் போற வழி இதுதான்.

இதே படத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச செட், ஊர் கட்டற காட்சி வர்ற எடம். பெரிய பெரிய கல்லைக் கயிறு கட்டி இழுக்கறாங்க, கல்லு சுலபமா நகர்றதுக்காக ஒரு கிழவி அதுக்கு முன்னாடி கொழுப்பு ஊத்திக்கிட்டே வர்றா, அவ இடுப்புத்துணி கல்லுக்கடில மாட்டிக்கும், வேலைய நிறுத்த மாட்டாங்க. அது மோசேயைப் பெத்த தாய், அவருக்கே தெரியாது. பாருங்க, கல்லை எப்படி நகத்துவாங்கங்கற தொழில் விஷயமும், ஒரு அடிமை உசுருக்கு என்ன மதிப்புங்கறதும் ஒரே காட்சில வந்துடுது. அங்கதான் நமக்கு அந்த ஊர் மேல கோவம் வருது, இந்த ஜனங்க எப்படியாவது தப்பிச்சுப் போகணும்னு மனசு ஏங்க ஆரம்பிக்குது. கடல் பிளக்கறதுக்கான செலவுல பாதிய இந்தக் கிழவி ஏற்கனவே சம்பாதிச்சுக் குடுத்துடறான்னு நான் சொல்லுவேன்.

சரி, கடல். இதைப் பண்ணது ஜான் ஃபுல்டன், 1933-ல வந்த 'இன்விசிபிள் மேன்' படத்துல கண்ணுக்குத் தெரியாத மனுஷனைக் காட்டினவர். செங்கடல் கரைல எடுத்த உண்மையான கடல் ஷாட் ஒண்ணு. ஹாலிவுட்ல பாரமவுண்ட் ஸ்டுடியோ வளாகத்துல நடுவுல பள்ளம் விட்டுக் கட்டின ஒரு பிரம்மாண்டமான தொட்டி, அதோட ரெண்டு பக்கத்துலேர்ந்தும் மூணு லட்சம் காலனுக்கு மேல தண்ணிய ஒரே நேரத்துல அவிழ்த்துவிட்டு அது நடுப்பள்ளத்துல மோதறதை எடுத்தாங்க. அதை நேரா ஓட்டினா கடல் மூடுது, தலைகீழா ஓட்டினா கடல் தொறக்குது, 1923-ல பண்ண அதே யோசனைதான். ரெண்டு பக்கமும் நிக்கற தண்ணிச் சுவருக்கு தனியா ஒரு செயற்கை அருவி கட்டி எடுத்தாங்க. வானத்துல சுழல்ற கருமேகம் வேற. ஜனங்க நடந்து போறது வேற. இத்தனையும் தனித்தனி ஃபிலிம் துண்டு.

தண்ணிய ஏன் அவ்ளோ ஊத்தணும், சின்ன மாடல்ல பண்ணக்கூடாதான்னு கேக்கலாம். தண்ணி மட்டும் மாடலுக்கு அடங்காது. வீட்டைச் சின்னதா செஞ்சா சின்ன வீடு, மரத்தைச் சின்னதா செஞ்சா சின்ன மரம், ஆனா தண்ணித் துளி எவ்ளோ சின்ன தொட்டிலயும் அதே சைஸ்லதான் தெறிக்கும், பாத்த உடனே கண்ணு காட்டிக்குடுத்துடும் இது தொட்டின்னு. அதனால தொட்டியைப் பெருசாக்கணும், கேமராவை அதிக வேகத்துல ஓட்டி எடுத்து திரைல மெதுவா விழற மாதிரி காட்டணும், அப்பதான் தண்ணிக்கு எடை இருக்கற மாதிரி தெரியும்.

அப்புறம் ஆப்டிகல் பிரிண்டர் வேலை. தனித்தனியா எடுத்த ஃபிலிமை ஒண்ணு மேல ஒண்ணா ஃபிரேம் ஃபிரேமா திரும்பப் படம் புடிச்சு ஒரே படமாக்கற மெஷின் அது. ஒவ்வொரு தடவை நகல் எடுக்கறப்பவும் படம் கொஞ்சம் மங்கும், புள்ளி புள்ளியா தெரிய ஆரம்பிக்கும். இந்தப் படம் விஸ்டாவிஷன் முறைல எடுத்தது, அதுல ஃபிலிம் படுக்கை வாட்டுல ஓடும், ஒரு ஃபிரேமோட பரப்பு சாதாரண 35 எம்எம்மை விட ரெண்டு மடங்குக்கும் மேல, அதனாலதான் இத்தனை அடுக்கு போட்டும் தாங்கிச்சு. மயிரிழை வெலகினாலும் ஆளைச் சுத்தி ஒரு கோடு தெரியும், உத்துப் பாத்தா இப்பவும் சில ஷாட்ல தெரியுது. அதனால என்ன, நமக்கு அந்த நேரத்துல கோட்டைப் பாக்கற மனசே இருக்கறதில்ல. ஏழு பிரிவுல ஆஸ்கர் பரிந்துரை வந்து கடைசில கெடைச்ச ஒரே ஆஸ்கர் இந்த எஃபெக்ட்ஸுக்குத்தான்.

ஒரு சின்ன விஷயம், பைபிளைப் படிச்சவங்க கவனிச்சிருப்பீங்க. யாத்திராகமம் 14-ல கடல் சட்டுனு பிளக்கல, ராத்திரி முழுக்க பலத்த கீழ்க்காத்து அடிச்சு கடல் ஒதுங்கிச்சுன்னு இருக்கு. படத்துல கை நீட்டின கொஞ்ச நேரத்துல முடிஞ்சுடுது. மூலத்துக்கு இது மாறுதல்தான், ஆனா படமா யோசிச்சா சரியான முடிவுன்னுதான் எனக்குப் படுது.

இந்த மாதிரிப் படங்க ஏன் 1950-கள்ல வரிசையா வந்துச்சுங்கறதுக்கும் பணக் காரணம் இருக்கு. அமெரிக்கால வீட்டுக்கு வீடு டிவி வந்துடுச்சு, தியேட்டருக்குக் கூட்டம் கொறஞ்சுபோச்சு, டிவில காட்டவே முடியாத அகலத்தைக் காட்டினாதான் ஆளு வருவான்னு ஸ்டுடியோக்காரங்க முடிவு பண்ணாங்க. சினிமாஸ்கோப்ங்கற அகலத்திரை முறைல வெளியான முதல் படமே 1953-ல வந்த 'தி ரோப்', இயேசுவோட அங்கியப் பத்தின கதை. இன்னொண்ணு இத்தாலி. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் அமெரிக்கப் படங்க இத்தாலில வசூலிச்ச பணத்தை அப்படியே டாலராக்கி வெளிய எடுத்துட்டுப் போக முடியாதபடி கட்டுப்பாடு இருந்துச்சு, இத்தாலி காசான லிராவா அங்கயே மாட்டிக்கிட்டு நின்ன பணத்தை அங்கயேதான் செலவழிக்கணும். அதனால ரோம்ல சினிசிட்டா ஸ்டுடியோவுக்கு ஒவ்வொருத்தரா கெளம்பினாங்க. பக்தி ஒரு பக்கம் இருந்துச்சுதான், இந்தக் கணக்கு இல்லாம இருந்தா இவ்ளோ பிரம்மாண்டம் வந்திருக்காது.

அங்க எடுத்ததுதான் 1959-ல வந்த 'பென்ஹர்', இயேசு காலத்துல வாழ்ந்த ஜூடா பென்ஹர்ங்கற யூதனோட கதை. வில்லியம் வைலர் இயக்கம், எம்ஜிஎம் தயாரிப்பு, செலவு 1.5 கோடி டாலருக்கு மேல. 1925-ல வந்த மௌன 'பென்ஹர்'ல இதே வைலர் உதவி இயக்குநர்கள்ல ஒருத்தரா வேலை பாத்தவர். ரதப் பந்தயத்துக்கு 18 ஏக்கர்ல மைதானம் கட்டினாங்க. பந்தயத்தை மட்டும் தனி யூனிட், ஆண்ட்ரூ மார்ட்டனும் ஸ்டண்ட் மாஸ்டர் யாகிமா கனட்டும் சேந்து, வாரக்கணக்குல எடுத்தாங்க. ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனுக்கு நாலு குதிரை ரதம் ஓட்ட கனட்தான் பழக்கினார். ஒடஞ்ச ரதத்தைத் தாண்டிக் குதிக்கற ஷாட்ல டூப் போட்ட கனட்டோட பையன் ஜோ நெஜமாவே ரதத்துக்கு முன்னாடி தூக்கி வீசப்பட்டார், நல்லவேளை தாடைல வெட்டோட தப்பிச்சார், அந்த ஷாட் அப்படியே படத்துல இருக்கு, ஹெஸ்டன் ஏறி உள்ள வர்ற மாதிரி ஒரு க்ளோசப் எடுத்து ஒட்டினாங்க. அந்தப் பந்தயத்துல யாரோ செத்துட்டாங்கன்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கு, அது உண்மை இல்ல. ஆனா தயாரிப்பாளர் சாம் ஜிம்பலிஸ்ட் படம் முடியறதுக்கு முன்னாடியே 1958 நவம்பர்ல மாரடைப்புல போயிட்டார். படம் 11 ஆஸ்கர் வாங்கினதை அவர் பாக்கல.

கவனிங்க, அந்தப் பந்தயத்துல ஒரு அதிசயமும் இல்ல. பின்னணி இசைகூட இல்ல, குளம்புச் சத்தமும் சக்கரச் சத்தமும் கூட்டத்தோட கத்தலும்தான். ரெண்டு பழைய நண்பருங்க எதிரிங்களா மோதறாங்க, அவ்ளோதான். ஆனா அந்த மைதானம் வழியாத்தான் நாம அந்த ரோமானிய உலகத்தை உடம்பால நம்பறோம்.

அதே படம் இயேசுவைக் காட்டின விதம் இந்த மொத்த வகைலயும் உயர்ந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்வேன். முகத்தைக் காட்டவே இல்ல. அடிமையா சங்கிலில போற ஜூடாவுக்கு தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ரோமானியச் சிப்பாய் தடுக்கறான், நாசரேத்துல ஒரு தச்சர் வந்து தண்ணி குடுக்கறார், நமக்கு அவரோட முதுகும் கையும்தான் தெரியுது. சிப்பாய் திட்ட வர்றான், அவர் எழுந்து அவனைப் பாக்கறார், அவன் மூஞ்சி மாறுது, என்ன பண்றதுன்னு தெரியாம திரும்பிப் போறான். அந்தச் சிப்பாயோட மூஞ்சிலதான் இயேசுவோட முகம் தெரியுது நமக்கு. இதுக்கு எவ்ளோ செலவாயிருக்கும், ஒரு கிணறும் நாலு நடிகரும்.

முகத்தைக் காட்டறது எப்பவுமே பிரச்சனைதான். பிரிட்டன்ல 1913-ல வேலைய ஆரம்பிச்ச சென்சார் அமைப்பு மொதல்லயே கிறிஸ்துவோட உருவத்தைத் திரைல காட்டக்கூடாதுன்னு விதி வெச்சிருந்துச்சு. டெமில் 1927-ல எடுத்த 'கிங் ஆஃப் கிங்ஸ்'ல இயேசுவா நடிச்ச எச்.பி. வார்னரை மத்தவங்களோட சேந்து சாப்பிடவிடாம தனியாவே வெச்சிருந்தாங்க, வெளில கண்டபடி நடந்துக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம் வேற. அந்தப் படத்துல அவரை மொதல்முறை காட்டற விதம் ரொம்ப அழகு, பார்வை இல்லாத ஒரு சின்னப் பொண்ணுக்குக் கண்ணு தொறக்குது, அவ கண்ணு வழியா வெளிச்சம் வந்து அந்த வெளிச்சத்துலேர்ந்து முகம் தெளியுது.

1965-ல வந்த 'கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' இதையே வேற மாதிரி பண்ணிப் பாத்துச்சு. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கம், ஏறக்குறைய 2 கோடி டாலர், அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு அவ்ளோவா பழக்கமில்லாத ஸ்வீடன் நடிகர் மாக்ஸ் வான் சிடோவை இயேசுவா போட்டாங்க, ரொம்ப நல்ல யோசனை. ஆனா சுத்தி இருக்கற சின்னச் சின்ன வேஷத்துல எல்லாம் பெரிய ஸ்டாருங்க, சிலுவைக்கடில நிக்கற நூற்றுக்கு அதிபதி, அதாவது ரோமானியப் படை அதிகாரி, யாருன்னா கௌபாய் படங்கள்ல பாத்த ஜான் வெய்ன். அவர் வாயத் தொறந்ததும் எருசலேம் கலஞ்சுபோயிடுது. ஷூட்டிங் அமெரிக்கால யூட்டா, அரிசோனா, நெவாடா பக்கம், நடுவுல பனி கொட்டி செட்டை மூடி வேலை நின்னது தனிக் கொடுமை. காட்சிக்குக் காட்சி ஓவியம் மாதிரி இருக்கும், படம் நஷ்டம். அதுக்கு முந்தின வருஷம் இத்தாலிய இயக்குநர் பசோலினி இத்தாலில, இயேசுவோட வாழ்க்கைய சொல்ற பைபிள் புத்தகமான மத்தேயு சுவிசேஷத்தை ரொம்பக் கொறஞ்ச செலவுல, தொழில்முறை நடிகருங்க இல்லாம, தன் தாயையே வயசான மரியாளா போட்டு, மத்தேயுல இருக்கற வசனத்தை மட்டும் வெச்சு எடுத்தார். மத்தேராங்கற பழைய கல் ஊர்ல எடுத்தது. செட் போடாமலே நம்பற மாதிரி ஒரு ஊர் கெடைச்சுது அவருக்கு.

அதே மத்தேராலதான் மெல் கிப்சனும் 2004-ல வந்த 'பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்'டை எடுத்தார். சுமார் 3 கோடி டாலர் அவரோட சொந்தப் பணம், உலகம் பூரா 60 கோடி டாலருக்கு மேல வசூல். நடிகருங்க அரமேயிக், எபிரெயம், லத்தீன்ல பேசினாங்க. ரோமானிய ஆளுநர் பிலாத்தும் இயேசுவும் கிரேக்க மொழிலதான் பேசியிருப்பாங்கன்னு அறிஞருங்க குறை சொன்னாங்க, அதுல ஞாயம் இருக்கு. ஆனாலும் தெரியாத மொழி காதுல விழுந்ததும் பாக்கறவன் இது வேற காலம்னு சட்டுனு ஒத்துக்கிட்டான், பல கோடி ரூபா செட் செய்யற வேலைய மொழி செஞ்சுடுச்சு.

இப்ப கிராஃபிக்ஸ் கேள்வி. செலவு ஏன் குறையலன்னா, தொட்டி கட்டின ஆளுங்களுக்குப் பதிலா இப்ப நூத்துக்கணக்கான கலைஞருங்க மாசக்கணக்கா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க. தண்ணி, மிருகத்தோட ரோமம், கூட்டம், இந்த மூணும்தான் சிஜிலயே, அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்லயே, கஷ்டமானது, பைபிள் கதைல இந்த மூணும்தான் நெறைய வரும். எடிட்டிங்ல ரெண்டு நொடி மாத்தினா அந்த ஷாட்டைத் திரும்பப் போடணும். 2014-ல வந்த 'நோவா' படத்துக்கு 12.5 கோடி டாலர். அதுலயும் இயக்குநர் டேரன் அரனாஃப்ஸ்கி முழுசா கம்ப்யூட்டரை நம்பல, நியூயார்க் பக்கத்துல ஆய்ஸ்டர் பேல பேழையோட பெரும்பகுதிய உண்மையாவே கட்டினார். ஆதியாகமத்துல சொல்ற அளவு 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம், அதாவது ஏறக்குறைய 137 மீட்டர் நீளம். வளைஞ்ச கப்பல் வடிவம் இல்ல, பெட்டி மாதிரி, ஏன்னா அது எங்கயும் போக வேண்டியதில்ல, மெதந்தாப் போதும். மிருகங்க மட்டும் முழுக்க சிஜி, அத்தனையும் பேழைக்குள்ள எப்படிச் சண்டை போடாம இருந்துச்சுங்கறதுக்கு ஒரு மூலிகைப் புகை காட்டித் தூங்கவெச்சாங்கன்னு ஒரு பதில் கண்டுபுடிச்சாங்க. 2012-ல நெஜமாவே சாண்டி புயல் வந்து ஷூட்டிங் நின்னுபோச்சு. வசூல் 35 கோடி டாலரைத் தாண்டிச்சு. நோவாவைக் கோவக்காரரா, குற்ற உணர்ச்சில தவிக்கறவரா காட்டினது நெறைய விசுவாசிங்களுக்குப் புடிக்கல, மூலத்தை அப்படியே எடுக்கல, தழுவித்தான் எடுத்தோம்னு விளம்பரத்துலயே ஸ்டுடியோ போட வேண்டியதாச்சு, தீர்க்கதரிசிகளை உருவமா காட்டக்கூடாதுன்னு கத்தார், பஹ்ரைன், இந்தோனேசியா மாதிரி நாடுகள்ல தடை. எனக்கு அந்தப் படத்து மேல மரியாதை உண்டு, பேழை மரத்துல பூசின கரியோட வாசனை வர்ற மாதிரி இருக்கும்.

அதே வருஷம் மோசே கதைய வெச்சு இயக்குநர் ரிட்லி ஸ்காட் எடுத்த 'எக்ஸோடஸ்', 14 கோடி டாலர். கடல் மெதுவா வடிஞ்சு அப்புறம் பேரலையா திரும்ப வர்ற மாதிரி, இயற்கையா நடந்திருக்கலாம்ங்கற தோரணைல எடுத்தார். ராத்திரி முழுக்க காத்து அடிச்சதுங்கற மூலத்துக்கு அது ஒரு விதத்துல கிட்டதான். ஆனா அந்தக் கடலைத் தாண்டற ஜனங்க யாருன்னு நமக்குத் தெரியாது, ஒரு பேர், ஒரு மூஞ்சி மனசுல நிக்கல, எகிப்தியர் வேஷத்துல வெள்ளைக்கார நடிகருங்கங்கற கண்டனமும் சேந்துக்கிச்சு. எகிப்துல வரலாற்றுப் பிழைன்னு சொல்லித் தடை. 2016-ல வந்த புது 'பென்ஹர்'க்கு சுமார் 10 கோடி டாலர், உண்மையான குதிரை, உண்மையான மைதானம் எல்லாம் இருந்துச்சு, போட்ட காசுகூட டிக்கெட்ல வரல. பழசு மூணரை மணி நேரம், புதுசு ரெண்டு மணி நேரம். பந்தயத்தை வெச்சுக்கிட்டு மத்ததைச் சுருக்கினா, யார் ஜெயிச்சா நமக்கென்னன்னு ஆயிடுது.

அதனால பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு சொல்றேன், 1956 படத்தை முழுசா பாருங்க, 220 நிமிஷம், ரெண்டு நாளா பிரிச்சுப் பாத்தாலும் தப்பில்ல. ஆனா செங்கல் களத்தையும் அந்தக் கொழுப்பு ஊத்தற கிழவியையும் ஓட்டிவிட்டுட்டு நேரா கடலுக்கு மட்டும் போயிடாதீங்க.